மத்தியானக் கரண்டும் ராத்திரிக் கரண்டும்

பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் குடித்து முடித்துவிட்டு வாருங்கள்.

போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மைத்துனர் வீட்டில், மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போடலாமா என்று. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர், உடுமலைப் பக்கம் ஒரு பழைய காற்றாலை விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று. விளாத்திகுளம் பக்கம் கரிசல் நிலம் வைத்திருக்கும் இன்னொரு மாணவர், சோலார் கம்பெனிக்காரர்கள் 30 வருடக் குத்தகைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று. மூவரும் கடைசியில் கேட்டது, "சார், லாபமா?" தனித்தனியாகப் பதில் சொல்லத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பிளஸ் டூவில் இயற்பியல் பீரியடில் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தவர்களும் படிக்கலாம். தேர்வு கிடையாது.

முதலில் ஒரு பழைய பாடம். கிலோவாட் வேறு, யூனிட் வேறு. கிலோவாட் என்பது குழாயின் வாய் அகலம். யூனிட் என்பது குடத்தில் நிறைந்த தண்ணீர். ஒரு கிலோவாட் இயந்திரம் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு யூனிட். செய்தித்தாளில் "இத்தனை ஆயிரம் மெகாவாட் நிறுவப்பட்டது" என்று வருவதெல்லாம் குழாய்க் கணக்கு. குழாயில் தண்ணீர் எப்போது வரும், எத்தனை மணி நேரம் வரும் என்பதை அந்தத் தலைப்பு சொல்லாது. நம் ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம் தெரியாமல் குடம் மட்டும் வைத்திருந்து என்ன பயன்?

நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான்: மின்சார வியாபாரத்தில் விலை யூனிட்டுக்கு இல்லை, நேரத்துக்கு. நிலக்கரியா, காற்றா, வெயிலா, அணுவா என்று சண்டை போடுவதற்கு முன்னால் "இது எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்கப் பழக வேண்டும்.

நம்மிடம் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். 1935 வாக்கில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் பதிவாகி, 1962-ல் சோவியத் உதவியோடு முதல் மின் அலகு ஓடியது. அந்தக் கரியில் ஏறக்குறைய பாதி எடை ஈரம். அதைத் தூரத்துக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் தண்ணீருக்கு வாடகை கொடுத்த கதைதான். அதனால் சுரங்கத்தின் வாசலிலேயே எரிக்கிறார்கள். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் கதை நேர் எதிர். ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய கரி ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி நம் கடற்கரைக்கு வருகிறது. கரியின் விலையைவிடக் கரி வருகிற வழியைப் பாருங்கள் என்று வகுப்பில் சொல்வேன். சிலருக்கு நினைவிருக்கலாம்.

கரியின் குறை புகை மட்டும் இல்லை. அதற்குச் சட்டென்று நிற்கவும் ஓடவும் தெரியாது. குளிர்ந்துபோன கொதிகலனைச் சூடாக்கி முழு வேகத்துக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடிக்கும். அதனால் மத்தியானம் தேவை குறைந்தாலும் அடுப்பை அணைக்காமல் பாதித் தீயில் வைத்திருக்கிறார்கள். கூடங்குளத்தின் இரண்டு ஆயிரம் மெகாவாட் அலகுகளும் ஒரே சீராக ஓடத்தான் விரும்பும். இவையெல்லாம் கல்யாண வீட்டுப் பெரிய அடுப்பு. பாதி ராத்திரியில் வந்த ஒரு விருந்தாளிக்காகப் பற்றவைக்க முடியாது.

காற்று வேறு ரகம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்று புகுந்து வரும்போது முப்பந்தலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய் வழியிலும் அப்படித்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் சக்தி எட்டு மடங்கு. வேகத்தின் மும்மடி. அந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு மறந்துபோனீர்கள். திருப்பூர்க்காரர் வாங்க நினைக்கும் காற்றாலையின் தலையெழுத்து அந்த மும்மடியில்தான் இருக்கிறது. நல்ல இடத்துக்கும் சுமாரான இடத்துக்கும் வேகத்தில் கொஞ்சம்தான் வித்தியாசம் இருக்கும். வருமானத்தில் அது பெரிய பள்ளமாகிவிடும்.

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் 1986-ல் சோதனையாகச் சில காற்றாலைகள் நின்றன. இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல். வெகுகாலம் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். பிறகு குஜராத் முந்திவிட்டது. இந்த வளர்ச்சிக்குக் காற்று மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள், வருமான வரியும் காரணம். தொண்ணூறுகளில் காற்றாலை வாங்கிய முதல் வருடத்திலேயே அதன் முழு விலையையும் தேய்மானமாகக் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. பிறகு அது 80 சதவீதமாகி, இன்னும் குறைந்தது. நல்ல லாபம் பார்த்த மில் முதலாளி மார்ச் மாதத்துக்குள் ஒரு காற்றாலை நிறுத்திவிட்டால் வரி இறங்கிவிடும். கோவை, திருப்பூர் மில்களுக்கும் நெல்லை, குமரிக் காற்றுக்கும் இப்படித்தான் சம்பந்தம் ஏற்பட்டது. நல்ல சம்பந்தம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சலுகை நட்டதற்குக் கிடைத்ததே தவிர, ஓடியதற்கு இல்லை. அதனால் காற்றைச் சரியாக அளக்காமலும் சிலர் நட்டார்கள். 2009 கடைசியில்தான் மத்திய அரசு, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா என்று ஒரு ஊக்கத்தொகை கொண்டுவந்தது. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்ததற்குப் பரிசு கொடுப்பதற்கும், படித்ததற்குப் பரிசு கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

இனி நெல்லுக் கணக்கு. காற்று பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. மில்லோ வருடம் முழுக்க ஓட வேண்டும். அதனால் "பேங்கிங்" என்று ஒரு ஏற்பாடு. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு கணக்கு. காற்றுக் காலத்தில் மிஞ்சும் யூனிட்டை மின்வாரியத்திடம் போட்டுவைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வாரியம் ஒரு சிறு பங்கைக் கட்டணமாகக் கழித்துக்கொள்ளும். அறுவடை நேரத்தில் களத்திலேயே ஒரு மூட்டை நெல்லைப் பண்ணையாரிடம் கொடுத்துவிட்டு, நெல்லே இல்லாத மாதத்தில் போய் "என் மூட்டையைக் கொடுங்கள்" என்று கேட்பதைப் போல. மூட்டை ஒன்றுதான். விலை ஒன்றா? வாரியத்துக்கு அந்த யூனிட்டைச் சேர்த்துவைக்கக் குதிர் கிடையாது. வாங்கிய நிமிடமே யாருக்காவது விற்றாக வேண்டும். திருப்பிக் கொடுக்க வேண்டிய மாதத்தில் வேறெங்கோ விலை கொடுத்து வாங்க வேண்டும். அந்த வித்தியாசம் கடைசியில் எல்லோருடைய பில்லிலும், வாரியத்தின் கடனிலும் போய் உட்காருகிறது. பின்னால் வந்த இயந்திரங்களுக்கு இந்தச் சலுகையைச் சுருக்கினார்கள்.

ஆகவே திருப்பூர்த் தம்பி, அந்தப் பழைய காற்றாலையை வாங்குவதற்கு முன் அது எத்தனை கிலோவாட் என்று கேட்காதே. கடந்த ஐந்து வருடத்தில் மாதவாரியாக எத்தனை யூனிட் கொடுத்தது என்று வாரியத்தின் கணக்குச் சீட்டைக் கேள். பேங்கிங் உரிமை இன்னும் இருக்கிறதா, உன் பெயருக்கு மாறுமா என்று கேள். பழைய 250 கிலோவாட் இயந்திரத்துக்கு உதிரிபாகம் கிடைக்கிறதா என்று கேள். விற்பவர் இதற்கெல்லாம் முகம் சுளித்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடு.

வெயிலுக்கு வருவோம். சோலார் விலை விழுந்த வேகம் என் ஆசிரியப் பணியில் நான் சொல்லிக்கொடுத்த எந்தப் பொருளுக்கும் நடக்காதது. கமுதியில் 648 மெகாவாட் சோலார் பண்ணை 2016-ல் வந்தபோது வாரியம் ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா. அடுத்த வருடமே ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 பைசாவுக்கு ஏலம் போனது. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 பைசா. உடனே நம் வாட்ஸப் வல்லுநர்கள் "இரண்டு ரூபாய்க்குக் கரண்டு கிடைக்கும்போது ஏன் கரி எரிக்கிறார்கள், இதில் ஊழல்" என்று எழுதிவிட்டார்கள். ஊழல் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆனால் அந்த இரண்டு ரூபாய் மத்தியானக் கரண்டின் விலை. ராத்திரி எட்டு மணிக்கு, நீங்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு சீரியல் பார்க்கும்போது அந்த விலைக்குக் கரண்டு கிடைக்காது.

இது என் கற்பனை இல்லை. நம் நாட்டில் 2008 முதல் மின்சாரச் சந்தை இருக்கிறது. பங்குச் சந்தை மாதிரியே. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, 96 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி விலை. வெயில் நன்றாக அடிக்கும் நாளில் மத்தியானத் துண்டு 2 ரூபாய்க்கும் கீழே கிடக்கும். அதே நாள் பொழுது சாய்ந்த பிறகு, உச்சவரம்பான 10 ரூபாயைத் தொட்டு நிற்கும். அதே கம்பி, அதே எலக்ட்ரான், ஆறு மணி நேர வித்தியாசம். மல்லிகைப் பூவைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை.

இப்போது மைத்துனர் வீட்டு மாடி. நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கொடுக்கும். 3 கிலோவாட் என்றால் நாளுக்கு 12, இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 700 யூனிட். மத்திய அரசு 2024-ல் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் அத்தையும் மாமாவும் மட்டும் இருக்கும் வீட்டில், இரு மாதத்துக்கு 220 யூனிட் ஓடுகிற இடத்தில், அதில் 100 யூனிட் ஏற்கெனவே இலவசமாக இருக்கும்போது, 700 யூனிட் எதற்கு? இரண்டு ஆளுக்கு அண்டாவில் சோறு வடித்த மாதிரி. 500 யூனிட்டைத் தாண்டி ஏசியும் ஹீட்டருமாக ஓடும் வீட்டுக்குக் கணக்கு வேறு. அங்கே நான் தயங்காமல் போடச் சொல்வேன். ஆறு பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வருடக் கூட்டலைப் பார்த்து, அதற்கேற்ற அளவைக் கேளுங்கள். விற்க வந்த பையன் அத்தையிடம் சொன்னானாம், "இனிமே உங்களுக்குக் கரண்ட் கட்டே கிடையாது பாட்டி" என்று. இதற்காகவே இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். பேட்டரி இல்லாத சாதாரண மாடி சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். பட்டப்பகல் உச்சி வெயிலில்கூட. அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உங்கள் மாடியிலிருந்து கம்பிக்குள் மின்சாரம் போய்க்கொண்டிருந்தால், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் உயிர் போய்விடும். கரண்ட் கட்டிலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் வகை வேண்டும். விலை ஏறும். பலகைக்கு 25 வருட உத்தரவாதம் என்பார்கள். இன்வெர்ட்டருக்கு எத்தனை வருடம் என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். அது அவ்வளவு காலம் வராது.

வீட்டு சோலாரிலும் மேலே சொன்ன நெல்லுக் கணக்கு உண்டு. பகலில் கொடுத்து இரவில் எடுக்கிறோம், இப்போதைக்கு மூட்டைக்கு மூட்டை. இது நெடுநாள் நீடிக்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். 2023-ல் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் விதிகளில், வெயில் நேரத்தில் கட்டணம் குறைவு, உச்ச நேரத்தில் அதிகம் என்ற முறை இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு வீடுகளுக்கும் வரும் வகையில்தான் எழுதியிருக்கிறார்கள். தொழிற்சாலைக்காரர்கள் பீக் அவர் கட்டணத்தை வெகுநாளாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின் மூன்றையும் மத்தியானத்துக்கு மாற்றுங்கள் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன். இன்று பில்லில் வித்தியாசம் தெரியாது.

விளாத்திகுளத்துத் தம்பிக்கு: மானாவாரி நிலம், மழையை நம்பிக் கம்பும் உளுந்தும் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவன், குத்தகைப் பணத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் 30 வருடம் என்பது உன் மகன் கல்யாணம் முடித்துப் பேரன் எடுக்கிற காலம். பத்திரத்தில் மூன்று விஷயத்தை வக்கீல் வைத்துப் பார். குத்தகை வருடா வருடம் ஏறுகிறதா? கம்பெனி கைமாறினால் உனக்கு யார் பணம் தருவது? முடிந்த பிறகு கான்கிரீட்டையும் கம்பியையும் யார் அப்புறப்படுத்துவது? மூன்றாவதைப் பலரும் கேட்பதில்லை. ஓடை, கண்மாய்க்கு நீர் வரும் வழி உன் நிலத்தில் இருந்தால் அதை மேடாக்க விடாதே. உனக்குக் குத்தகை வரும், கீழ்க்காட்டுக்காரனுக்குத் தண்ணீர் வராது.

நடுவில் ஒரு எச்சரிக்கை. "சோலார் கம்பெனியில் பணம் போடுங்கள், மாதம் இத்தனை சதவீதம்" என்று செயலியில் வருவதை யாரும் தொட வேண்டாம். ஈமு கோழி நினைவிருக்கிறதா? அதே கோழிதான், இறக்கை மட்டும் சிலிக்கான்.

இனி என் கருத்து. நம் அரசுகள், எந்தக் கட்சியாக இருந்தாலும், மெகாவாட் திறப்புவிழா நடத்துவதில் காட்டும் ஆர்வத்தைச் சேமிப்பில் காட்டவில்லை. 2008 முதல் 2013 வரை பட்ட மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். உங்களில் சிலர் மெழுகுவத்தியில் படித்து என்னிடம் திருப்புதல் தேர்வு எழுதியவர்கள். 2024 மே மாதம் மாநிலத்தின் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. பகலில் வெயில் கைகொடுக்கிறது. பொழுது சாய்ந்ததும் மறுபடி கரியும், சந்தையில் வாங்கும் பத்து ரூபாய்க் கரண்டும்தான்.

இதற்கு மருந்து நம்மிடமே இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை. நூறு நூறு மெகாவாட்டாக நான்கு இயந்திரம். மேலே ஒரு அணை, கீழே மேல் ஆழியாறு. கரண்டு மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றுவது, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. நூறு யூனிட் செலவழித்தால் எழுபத்தைந்து சொச்சம் திரும்ப வரும். 1980-களின் கடைசியில் கட்டினார்கள். அப்போது ராத்திரியில் தேவை குறைந்து அனல் மின்சாரம் மிஞ்சியது, அதை வைத்து ஏற்றினார்கள். இன்று மிஞ்சுவது மத்தியான வெயில். இயந்திரம் அதே, மிச்சம் விழும் மணி மட்டும் மாறிவிட்டது. ஒரு யூனிட்டைச் சேமிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று பாருங்கள்: ஆயிரம் லிட்டர் தண்ணீரை 367 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். உங்கள் மாடித் தொட்டியின் உயரத்தைப் போல அறுபது மடங்கு. அதனால்தான் மலை வேண்டும். நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலையே இருக்கிறது. இருந்தும் காடம்பாறைக்குப் பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் இன்னொன்று வரவில்லை. குந்தாவில் 500 மெகாவாட்டுக்குத் தொடங்கிய வேலை இழுத்துக்கொண்டே போனது. பேட்டரி விலையும் கடந்த பத்து ஆண்டில் வெகுவாக இறங்கியிருக்கிறது. இனி ஒரு சோலார் பண்ணைக்கு அனுமதி கொடுத்தால், அதில் ஒரு பங்கையாவது ராத்திரியில் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தே கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

மலையும் பேட்டரியும் இல்லாமல் நாளைக்கே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. விவசாயப் பம்புசெட். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் என்று டார்ச் லைட்டோடு கிணற்றுக்குப் போன தகப்பன்மார் உங்களில் பாதிப் பேருக்கு உண்டு. போனவர் திரும்பும்வரை வீட்டில் யாரும் தூங்குவதில்லை. வரப்பில் கட்டுவிரியன் கிடக்கும். இன்று மத்தியானத்தில் மலிந்து கிடக்கும் கரண்டை அந்த மோட்டாருக்கு முழுசாகத் திருப்பிவிட்டால் என்ன? தண்ணீர் வயலிலோ தொட்டியிலோ போய் நின்றுகொள்ளும், அதுவே சேமிப்பு. விவசாயத்துக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம்தான். இலவசமாகக் கொடுப்பதை ராத்திரியில் பத்து ரூபாய்க்கு வாங்கிக் கொடுப்பதைவிட மத்தியானம் இரண்டு ரூபாய்க்கு வாங்கிக் கொடுப்பது வாரியத்துக்கும் நல்லது, அப்பாவுக்கும் நல்லது. மின்வாரியத்தில் பொறியாளராக இருக்கும் என் மாணவர்கள் நான்கைந்து பேர் இதைப் படிப்பீர்கள். எந்தெந்த ஃபீடரில் இதை இன்றே செய்யலாம், எங்கே டிரான்ஸ்பார்மர் தாங்காது என்பது உங்களுக்குத்தான் தெரியும். கீழே எழுதுங்கள்.

மற்றவர்கள் பில்லைப் படம் எடுத்துப் போட்டால் கணக்குப் போட்டுத் தருகிறேன். பெயரையும் இணைப்பு எண்ணையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். மதியம் இரண்டு முதல் நான்கு வரை போன் வேண்டாம்.